ஆட்டோ எப்.சி.க்கு போகுதா? இதையெல்லாம் பார்த்துக்கோங்க!

எப்.சி. தேதி நெருங்கினாலே ஆட்டோ டிரைவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு நாள் சவாரி போச்சே என்ற கவலை ஒரு பக்கம். 'வண்டியை திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது?' என்ற பயம் மறுபக்கம். என்னென்ன பார்ப்பார்கள் என்று தெரிந்தால் பாதி டென்ஷன் குறையும்.

புது ஆட்டோவுக்கு முதல் எப்.சி. 2 ஆண்டு செல்லும். வண்டிக்கு 8 வயசு ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்கவேண்டும். அதுக்கு மேல் வருஷா வருஷம்.

முதலில் ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், புகை சர்டிபிகேட் கேட்பார்கள். என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவேண்டும். அடுத்து பிரேக், ஸ்டியரிங், ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் வேலை செய்யுதா என்று சோதனை நடக்கும். மொட்டை டயரோடு போனால் திரும்பி வரவேண்டியதுதான். முதல் நாளே மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

வண்டி பெயிலாகிவிட்டால் சும்மா திரும்பி வராதீங்க. என்ன குறை என்று எழுத்தில் தரவேண்டும் என 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கினால் அந்தக் குறையை மட்டும் சரிசெய்து மறுபடி காட்டலாம். வீண் செலவு மிச்சம்.

'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீங்க. எப்.சி. முடிந்த ஆட்டோ, சட்டப்படி பதிவே இல்லாத வண்டிக்கு சமம். முதல் தடவை சிக்கினாலே ரூ.5 ஆயிரம் வரை அபராதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல்தான்.