சீரியம் குளோரைடும் அதன் நீரும்

சீரியம் குளோரைடு என்னும் உப்பைச் செய்வது எளிது. அதை உலர்த்துவதே கடினம். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் மோனசைட் மணலில், தோரியத்தோடு கலந்திருக்கும் அபூர்வ மண் உலோகங்களுள் மிகுதியானது சீரியமேயாகும். அத்தகைய மணலினின்று பிரித்தெடுத்த சீரியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, கரைசலைச் சுண்டக் காய்ச்சி ஆறவிட்டால், மூலக்கூறு ஒன்றுக்கு ஏழு நீர் மூலக்கூறுகளைப் பிணைத்துக்கொண்ட வெண்ணிறப் படிகங்கள் விழும். காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசிவது இவற்றின் சுபாவம்.

இந்த நீரைப் போக்குவது ஏன் அவசியமெனில், சீரிய உலோகத்தை எடுப்பதற்குரிய பழைய வழி, நீரற்ற குளோரைடை உருக்கி அதனூடே மின்சாரம் செலுத்துவதாகும். 1875-இல் ஹில்லெபிராண்டு, நார்ட்டன் என்னும் இருவர் சீரிய உலோகத்தை இவ்வழியில்தான் பெற்றனர்.

ஆனால் படிகங்களைத் திறந்த சட்டியில் இட்டு வெறுமனே சூடேற்றினால், இறுதியில் எஞ்சும் நீர் தனியே அகல்வதில்லை. உப்பிலுள்ள மூன்று குளோரின் அணுக்களில் இரண்டைப் பறித்துக்கொண்டு அமில ஆவியாக வெளியேறி, தன் ஆக்ஸிஜனை மாத்திரம் சீரியத்தினிடம் விட்டுச் செல்கிறது. மிஞ்சுவது நீரில் கரையாத ஆக்ஸிகுளோரைடு. பட்ட பாடெல்லாம் வியர்த்தமாகிறது.

இதற்குக் கண்ட பரிகாரம், பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரமே என்பது வியக்கத்தக்கது. அதனை உப்போடு கலந்து சூடேற்றுகையில், அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. அந்த அமில ஆவி சூழ்ந்திருக்கும்வரை நீரால் குளோரினைக் கவர இயலாது. நீர் நீங்கியபின் வெற்றிடத்தில் உஷ்ணத்தை மேலும் கூட்டினால், நவச்சாரமும் ஆவியாகிப் போய்விட, 800 பாகைக்குச் சற்று மேல் உருகும் நீரற்ற வெண்பொடி எஞ்சும். ஆய்வுச்சாலையில் சிறிதளவே வேண்டுவோர், நவச்சாரமின்றி, படிகங்களை வெற்றிடத்தில் 90 முதல் 100 பாகைவரை பொறுமையாகச் சூடேற்றி, பெரும்பகுதி நீர் போனதும் கல்வத்திலிட்டு அரைத்து, மீண்டும் வெற்றிடத்தில் 140 பாகையில் உலர்த்துகின்றனர். அவசரப்பட்டு உஷ்ணத்தை உயர்த்துவது இங்கே பெருங்கேடு.

எனினும் எல்லாக் காரியத்துக்கும் இப்பாடு தேவையில்லை. 1978-இல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் லூஷ், சோடியம் போரோஹைட்ரைடுடன் இவ்வுப்பையும் மெத்தனாலில் சேர்த்து, சிலவகைக் கீட்டோன்களை அவற்றின் இரட்டைப் பிணைப்பு கெடாமல் ஆல்கஹாலாக மாற்றிக் காட்டினார். அதற்கு ஏழு நீர் கோத்த படிகமே போதும்.