தூங்கி எழுந்த லேப்டாப்பும் 1953-ன் டிவியும்

லினக்ஸ் ஓடும் லேப்டாப்பின் மூடியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகிறோம். திரும்பி வந்து திறந்தால் திரை சட்டென்று வந்துவிடுகிறது. ஆனால் ஆள் சரியில்லை. அம்புக்குறி தத்தித் தத்தி நகர்கிறது. தட்டிய எழுத்து யோசித்துவிட்டு வந்து விழுகிறது. செயலியைத் தின்பது யார் என்று பார்த்தால் தனியாக ஒருவரும் மாட்டுவதில்லை. எல்லா நிரலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஏன் சரியாகிறது என்பதில்தான் சுவாரசியம்.

எஸ்3 எனப்படும் தூக்கத்தில் செயலிக்கு மின்சாரமே நின்றுபோகும். ரேம் மட்டும் துளி மின்சாரத்தில் தன் நினைவைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூடவே விழித்திருப்பது ஒரு சின்னக் கடிகாரம். கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போலவே நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் அதற்குள் உண்டு. எழுந்தவுடன் லினக்ஸின் மையமான கெர்னல் அதைப் பார்த்துத்தான் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று கணக்குப் போடும்.

அன்றாடம் மணி பார்க்க அது உதவாது, வேகம் போதாது. அதற்கு டிஎஸ்சி என்று ஓர் எண்ணி செயலிக்குள்ளேயே இருக்கிறது. 1993-ல் பென்டியத்தோடு வந்தது. அதைப் படிக்கச் சில பத்து நானோநொடிகூட ஆகாது. பிரவுசர், வீடியோ, ஒலி என்று எல்லாமே ஓயாமல் "மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டிருப்பதால் இந்த வேகம் அத்தியாவசியம்.

சிக்கல், ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி எண்ணி இருப்பதுதான். எழுப்பிவிடும்போது பயாஸ் என்ற தொடக்க நிரல் இவற்றை முன்பின்னாக விட்டுவைத்தால் ஒரு கோரின் மணி இன்னொன்றோடு ஒத்துப்போகாது. கெர்னலில் அரை நொடிக்கு ஒருமுறை டிஎஸ்சியை வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் காவலாளி உண்டு. ஒத்துவரவில்லை என்றால் "நம்பத்தகாதது" என்று முத்திரை குத்திவிடும். அடுத்த முறை பூட் ஆகும்வரை அந்த முத்திரை அழியாது. ரீஸ்டார்ட் வைத்தியத்தின் ரகசியம் இதுதான்.

டிஎஸ்சியை ஒதுக்கிய பின் வேலைக்கு வருவது மதர்போர்டில் இருக்கும் கிழட்டுக் கடிகாரங்கள். ஒருமுறை மணி பார்க்க ஒரு மைக்ரோநொடி அளவுக்குப் பிடிக்கும். எல்லாக் கோர்களும் அந்த ஒரே கடிகாரத்தின் முன் நிற்க வேண்டும். அவற்றில் ஒன்றான ஏசிபிஐ டைமர் நொடிக்கு 35,79,545 முறை துடிக்கிறது. இப்படி ஓர் அரைகுறை எண் எங்கிருந்து வந்தது?

1953-ல் அமெரிக்கா கலர் டிவிக்குத் தரம் வகுத்தபோது நிறத்தைச் சுமக்கும் அலைக்கு வைத்த அதிர்வெண் அது. அதன் நான்கு மடங்கில் அதிரும் படிகம் அங்கே மலிந்தது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசி அந்தப் படிகத்தையே வைத்துக்கொண்டது: மூன்றால் வகுத்தால் செயலிக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ், நான்கால் வகுத்தால் டிவிக்கு வேண்டிய நிறஅலை. 1996-ல் கணினியின் மின் நிர்வாகத்துக்கான ஏசிபிஐ விதிகளை எழுதியவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர் கலர் டிவி 1982-ல் 'பால்' எனும் ஒளிபரப்பு முறையில் வந்தது. இந்த எண்ணோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. டிவி வழியாக வராத எண் லேப்டாப் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

கண்டுபிடிப்பது எளிது. சிஸ் கோப்புறையில் 'கரன்ட் கிளாக்சோர்ஸ்' என்ற கோப்பு இருக்கிறது. தூங்குவதற்கு முன் டிஎஸ்சி என்றும், எழுந்த பின் வேறு பெயரும் காட்டினால் குற்றவாளி அகப்பட்டார். பயாஸைப் புதுப்பிப்பதே முறையான மருந்து. டிஎஸ்சியை அப்படியே நம்பு என்று கெர்னலுக்குக் கட்டளையிடவும் வழி உண்டு. அது காவலாளியை லீவில் அனுப்புகிற வேலை; எண்ணி உண்மையிலேயே பிசகியிருந்தால் மணி தாறுமாறாகிவிடும்.

டிஎஸ்சியே நீடித்தால் செயலியின் வேகத்தைப் பாருங்கள். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 400, 800 மெகாஹெர்ட்ஸ் என்று அடிமட்டத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இன்டெல் செயலிகளில் "சுடுகிறது" என்று கத்தும் கம்பி ஒன்று இருக்கிறது. செயலி மட்டுமல்ல, வெளியே உள்ள பாகங்களும் அதை இழுக்கலாம். எழுந்த குழப்பத்தில் யாராவது அதை இழுத்துப் பிடித்துக்கொண்டால், வெப்பமானி 45 டிகிரி காட்டினாலும் செயலி பதுங்கியே கிடக்கும். சில லேப்டாப்களில் சார்ஜரைக் கழற்றி மறுபடி மாட்டினாலே பிடி விட்டுவிடும்.