தங்கத்தில் படக்கூடாது, முகத்தில் பூசலாமாம்!

வெளுப்புக் களிம்பு டப்பாக்கள் சிலவற்றின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் இவற்றின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும். இந்த வாசகத்தைக் கண்டால் அந்தக் களிம்பில் பாதரசம் இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பாதரசம் பட்ட தங்கம் அதோடு கலந்து வெளிறிப்போகும். நகைத்தொழில் செய்பவர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. தாலிக்கொடிக்கு ஆபத்து என்று சொல்லத் தெரிந்தவர்கள், அதை அணிந்திருக்கும் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

பாதரசம் தோலை வெளுக்க வைப்பது உண்மைதான். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும், அந்த நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். தாமிரத்தின் இடத்தில் பாதரசம் புகுந்துகொண்டால் நொதி முடங்கும், நிறமி உற்பத்தி குறையும். சில வாரங்களில் முகம் வெளுக்கும். பார்ப்பவர்கள் "என்ன போடுறே?" என்று கேட்பார்கள், டப்பா இன்னொரு வீட்டுக்கும் போகும். ஆனால் பாதரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டியவர்கள் கேரள மாநிலம் மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல் மருத்துவர்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்து, புரதம் சிறுநீரில் ஒழுகும் நோயோடு 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை 22 பேர் அவர்களிடம் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வந்திருந்தது, நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தெரிவதற்கு முன்பு வெளுப்புக் களிம்பு பூசிவந்ததாகச் சொன்னார்கள். 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. கால் வீக்கம், நுரைத்துப்போகும் சிறுநீர், காரணம் புரியாத சோர்வு ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். களிம்பை நிறுத்தினாலே பெரும்பாலோருக்குக் குணம் தெரிகிறது என்பது ஆறுதல். ஆனால் மருத்துவர் "முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டால்தானே நிறுத்த முடியும்? கால் வீங்கியிருக்கிறது என்று போகிறவர் முகத்துக் களிம்பைப் பற்றித் தானாகப் பேசப்போவதில்லை. வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து உண்டு. களிம்பு பூசிய கன்னத்தைத் தொட்டும், அதே துண்டில் முகம் துடைத்தும் பாதரசம் அவர்களுக்கும் போய்ச் சேரும்.

இது கேரளத்துச் சங்கதி என்று மலேசியாவின் பினாங்கில் நாம் நிம்மதியாக இருக்க முடியாது. இங்கே சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ., விஷப்பொருள் கலந்த அழகுசாதனங்களின் பெயர்களை ஆண்டுதோறும் வெளியிட்டு, அவற்றின் அறிவிக்கையை ரத்து செய்கிறது. பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பெட்டாமெத்தசோன். 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, இப்படிப்பட்டதை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கலாம். இருந்தாலும் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் கைப்பேசித் திரையிலும் விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தக் களிம்புகளை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறது. 2019இல் மறையும்வரை அச்சங்கத்தை வழிநடத்திய எஸ்.எம்.முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர். உடம்பில் பூசுவதையும் வயிற்றுக்குள் போவதையும் ஒரே கண்ணோடு பார்க்கச் சொல்லிக்கொடுத்த சங்கம் அது. நம் வீடுகளில் அந்தப் பாடம் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்பதே என் வருத்தம்.

டப்பாவில் என்ன பார்ப்பது? மலேசியாவில் முறைப்படி விற்கப்படும் அழகுசாதனத்துக்கு அறிவிக்கை எண் உண்டு. NOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் K என்று முடியும். அதோடு தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அந்த எண், பொருளைச் சோதித்துக் கொடுத்த நற்சான்று இல்லை. கம்பெனி தானே கொடுத்த அறிவிப்பின் பதிவு. சோதனை பெரும்பாலும் பொருள் கடைக்கு வந்த பிறகுதான். அதனால் எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டிப் பார்த்து, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துகொள்வது நல்லது. எண்ணே இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், வைத்துவிட்டு வாருங்கள். 22 நாடுகளில் வாங்கிய 338 களிம்புகளை ஜீரோ மெர்க்குரி பணிக்குழு சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. 34இல் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. ஆசியான் நாடுகளின் வரம்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிடிபட்டவற்றில் மிகக் குறைந்ததிலேயே 93 பங்கு, மிக அதிகமானதில் 16,000க்கும் மேல்!

பெட்டாமெத்தசோனும் பாதரசத்துக்குக் குறைந்ததல்ல. அது ஸ்டீராய்டு. எக்ஸிமா போன்றவற்றுக்கு மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் அருமையான மருந்து. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, உள்ளிருக்கும் இரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், உடனே மறுபடி அதையே தேடிப் போவார்கள். படர்தாமரைக்கு இதைப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளே தாராளமாய்ப் பரவும். ஹைட்ரோகுவினோனும் மருத்துவரின் கண்காணிப்பில் பயன்படவேண்டிய மருந்துதான். கண்டபடி பூசியதால் முகம் நீலம் பாய்ந்து கறுத்துப்போன பெண்களைப் பற்றித் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1975லேயே எழுதிவிட்டார்கள்.

சரி, இந்தக் களிம்பைப் பூசி எதை மறைக்கப் பார்க்கிறோம்? பல வீடுகளில் அது கழுத்து. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணின் பின்கழுத்தில் மடிப்புகளில் கறுப்பு படிகிறது. தொட்டால் வெல்வெட் துணிபோல் மெத்தென்று தடித்திருக்கிறது. "ஒழுங்கா அழுக்குத் தேய்ச்சுக் குளிடி" என்று அம்மா கத்துகிறார். பிள்ளை தோல் சிவக்கச் சிவக்கத் தேய்க்கிறாள். தேய்ப்பதால் கறுப்பு இன்னும் கூடத்தான் செய்யும், ஏனென்றால் அது அழுக்கே இல்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியாதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் மிஞ்சிய இன்சுலின், தோல் செல்களை அளவுக்கு மீறி வளரத் தூண்டுகிறது. கழுத்து, அக்குள், விரல் முட்டிகளில் கறுப்பு ஏறுவதும் பொடி மருக்கள் முளைப்பதும் அதனால்தான். இனிப்பு நீர் எனும் நீரிழிவு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தோலில் தெரியும் எச்சரிக்கை இது. நாட்டில் வயதுவந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. இனவாரியாகப் பார்த்தால் முன்னால் நிற்பது நாம்தான். அப்படியிருக்க, பிள்ளையின் கழுத்துக் கறுப்பைக் களிம்பு பூசி அழிப்பது எவ்வளவு பெரிய இழப்பு! கழுத்தைப் பார்த்ததும் போகவேண்டியது அழகு நிலையத்துக்கு அல்ல, இரத்தப் பரிசோதனைக்கு. உடல் எடை குறைந்து இன்சுலின் அடங்கினால் அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல மங்கும்.

சாப்பாடு தோலில் தெரியும் என்று பாட்டிமார் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. பருவுக்கும் இதே பாதைதான். சீனியும் வெள்ளைச் சோறும் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றினால் இன்சுலினும் ஏறும். அது ஆண் ஹார்மோன்களைத் தூண்டும், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பொங்கும். பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா தீவில் கிழங்கும் மீனும் தேங்காயும் பழமும் உண்டு வாழும் 1,200 பேரைப் பார்த்த ஆய்வாளர்கள் ஒருவரிடமும் பருவைக் காணவில்லை என்று 2002இல் எழுதினார்கள். அது மரபாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் பரு கூடுதலாகக் குறைந்தது என்று 2007இல் முடிவு வந்தது. நம் ஊரில் இதை எங்கே தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. தே தாரேக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. காலையில் ஒன்று, வேலை முடிந்து ஒன்று என்று பழகியவர் 'கூராங் மானிஸ்', அதாவது இனிப்பைக் குறை, என்று சொல்லிப் பழகலாம். பிறகு பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்'குக்கு மாறலாம். நாசி கண்டாரை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. சோற்றைப் பாதியாக்கி, வெண்டைக்காயும் மீனும் கூடுதலாக வைக்கச் சொன்னால் கடைக்காரர் மறுக்கப்போவதில்லை. தோலுக்கென்று விற்கும் மாத்திரைகளையும் குளுத்தாத்தயோன் ஊசிகளையும் நான் இதோடு சேர்க்க மாட்டேன். தோலை வெளுக்க வைக்கவென்று பதிவு பெற்ற ஊசி மருந்து மலேசியாவில் கிடையாது.

வெயிலுக்கு வருவோம். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைக்குள் இருக்கிறது. உச்சிவேளையில் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேலேயே நிற்கும். மேகம் மூடியிருந்தாலும் புறஊதாக் கதிர் தாராளமாக இறங்கும். இதைத் தாங்கத்தான் நமக்கு மெலனின். வெள்ளையருக்கும் நமக்கும் நிறமி செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்முடையவை உண்டாக்கும் நிறமித் துகள்கள் பெரியவை, நிறையவும் உண்டு. ஒவ்வொரு தோல் செல்லின் உட்கருவுக்கு மேலும் அவை தொப்பிபோல் கவிந்து மரபணுவை வெயிலிலிருந்து காக்கின்றன. காசு கொடுத்து நாம் அழிக்கப் பார்ப்பது இந்தத் தொப்பியைத்தான்.

கறுத்த தோலுக்குச் சன்ஸ்கிரீன் தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியே மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறமேற்றிய சன்ஸ்கிரீன் அவர்களுக்கு ஏற்றது. எஸ்.பி.எஃப். 30 போதும். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் எடுத்து, வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை பூசவேண்டும். முகத்தில் எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போகும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அந்தச் சாற்றிலுள்ள வேதிப்பொருள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கித் திட்டுத்திட்டாகக் கறுப்பு போட்டுவிடும். நம் புழுக்கத்தில் முதுகிலும் மார்பிலும் படரும் தேமல் பூஞ்சையால் வருவது. பூஞ்சைக்கொல்லி மருந்தில் அடங்கும், நிறம் சமமாக மட்டும் சில மாதம் பிடிக்கும்.

பினாங்கின் மலாய், நியோன்யா வீடுகளில் பெடாக் செஜுக் என்றொரு பழைய பூச்சு உண்டு. அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, மாவாக அரைத்து, சொட்டுச்சொட்டாக விட்டு வெயிலில் காயவைப்பார்கள். அப்படிக் காய்ந்த மணிகளில் இரண்டைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் வேர்க்குருவுக்குக் குளுமை. சன்ஸ்கிரீனுக்கு அது ஈடாகாது, நிறத்தையும் மாற்றாது. சுத்தமாகச் செய்திருந்தால் கெடுதலும் இல்லை.

பெயர் தெரியாத களிம்பை ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள், கட்டணம் ஒரு வெள்ளிதான். எத்தனை மாதமாகப் பூசுகிறீர்கள் என்று கூச்சப்படாமல் சொல்லி, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் எப்படி நிறுத்துவது என்று அவர்கள் வழி சொல்வார்கள், தேவைப்பட்டால் பினாங்கு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அதே டப்பாவைப் பகிர்ந்துகொண்ட தங்கையையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூடவே அழைத்துப் போங்கள்.