பன்னாட்டுத் தன்னார்வத் தொண்டும் பெண்களின் பொருளாதார அதிகாரமும்: கைவினை வணிகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெண்களின் பொருளாதார மேம்பாட்டுக்கெனப் பிறநாடு செல்லும் தன்னார்வலர், பெரும்பாலும் தொழில் கற்பிப்பவராகவே கருதப்படுகின்றார். கைவினைத் தொழிலில் ஈடுபட்ட பெண்களுக்குக் குறைவாக இருந்தது திறன் அன்று. உரிய விலை தரும் சந்தையே. இக்கருத்தைப் புவேர்ட்டோ ரிக்கோ, வங்கதேசம் ஆகிய இரு நாட்டுச் சான்றுகளின் வழி இக்கட்டுரை விளக்குகின்றது. ஊதியமற்ற தொண்டின் மீது எழுப்பப்படும் சந்தையின் எல்லைகளையும் சுட்டுகின்றது.

முதன்மைச் சொற்கள்: தன்னார்வத் தொண்டு, பெண்கள், கைவினை, நியாய வணிகம், முன்பணம்.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பன்னாட்டுத் தன்னார்வத் தொண்டு நிறுவன வடிவம் பெற்றது. பிரித்தானியாவில் 1958இல் வி.எஸ்.ஓ. அமைப்பும், அமெரிக்காவில் 1961இல் அமைதிப் படையும் தோன்றின. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970இல் நிறைவேற்றிய தீர்மானத்தின் வழி ஐ.நா. தன்னார்வலர் திட்டம் உருவாயிற்று. கற்றவர் கல்லாதவருக்குக் கற்பித்தல் என்பதே இத்தகைய தொண்டு குறித்த பொதுவான எண்ணமாகும். பெண்களின் பொருளீட்டலைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

அளவுகோல்

நைலா கபீர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களின் அதிகாரத்தை வளங்கள், செயலாற்றும் உரிமை, அடைவுகள் என்னும் மூன்று கூறுகளாகப் பகுத்தார். இதன்படி ஒரு பெண்ணின் கைக்குப் பணம் வருவது மட்டுமே அதிகாரம் ஆகாது. எதைச் செய்வது, எவ்விலைக்கு விற்பது, வருவாயை எவ்வாறு செலவிடுவது என்பனவற்றைத் தீர்மானிக்கும் உரிமையும் அவளுக்கு இருத்தல் வேண்டும். தன்னார்வலர் பணியையும் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் தகும்.

லா பிளாட்டாவின் பூத்தையல்

புவேர்ட்டோ ரிக்கோவில் பெண்களின் பூத்தையல் புதிதாகக் கற்பிக்கப்பட்ட கலை அன்று. முதல் உலகப் போர்க்காலம் முதலாகவே அமெரிக்க ஆடை வணிகர்கள் இடைத்தரகர் வழியே துணிகளை அனுப்பி, வீட்டிலிருந்த பெண்களிடம் உருப்படிக் கூலிக்கு வேலை வாங்கினர். கலை பெண்களிடம் இருந்தது. விலையோ தரகரிடம் இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது படைப்பணியை மறுத்த மெனோனைட்டு இளைஞர்கள், மாற்றுப் பணியாக அத்தீவின் லா பிளாட்டாப் பகுதியில் மருத்துவ, சமூகப் பணிகளைத் தொடங்கினர். மெனோனைட்டு மத்தியக் குழுவின் தன்னார்வலர்கள் அங்குத் தையல் வகுப்பும் நடத்தினர். 1946இல் அங்குச் சென்ற எட்னா ரூத் பைலர், பெண்கள் தைத்த துணிகளைப் பென்சில்வேனியாவின் ஆக்ரன் ஊருக்குக் கொண்டுவந்து அறிந்தவர்களிடையே விற்றார். காரில் எடுத்துச் சென்றும் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்தும் நடந்த இவ்விற்பனையில், பின்னர்ப் பாலத்தீனப் பெண்களின் பூத்தையலும் சேர்ந்தது. ‘செல்ஃப்ஹெல்ப் கிராஃப்ட்ஸ்’ என வளர்ந்த அம்முயற்சி, 1996இல் ‘டென் தவுசண்ட் வில்லேஜஸ்’ என்னும் பெயர் பெற்றது.

வகுப்பு நடத்துவதோடு தொண்டு நின்றிருந்தால், பெண்கள் மீண்டும் தரகரையே நாட வேண்டியிருந்திருக்கும். தன்னார்வலர் தாமே விற்பனையாளராக மாறியதே இங்கு நிகழ்ந்த திருப்பம்.

வங்கதேசத்து உறி

1971ஆம் ஆண்டு விடுதலைப் போர் வங்கதேசத்தில் பல பெண்களைக் கணவரையும் வாழ்வாதாரத்தையும் இழந்தவராக்கியது. இத்தகைய ஊரகப் பெண்களின் சணல் கைவினைப் பொருள்களை விற்பதற்காக 1973இல் ‘கோர் - தி ஜூட் ஒர்க்ஸ்’ தொடங்கப்பட்டது. வங்க ஊர்களில் பானைகளைத் தொங்கவிடப் பயன்படும் ‘சிக்கா’, தமிழர் இல்லங்களில் இருந்த உறியை ஒத்தது. தம் வீட்டுக்கெனப் பெண்கள் பின்னிவந்த இப்பொருள், மேலை நாட்டு வீடுகளில் பூந்தொட்டி தாங்கும் அழகுப்பொருளாக விலைபோயிற்று.

இப்பொருள்களை வாங்கி விற்றவை ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இடங்களின் மாற்று வணிக அமைப்புகளே. நெதர்லாந்தின் பிரோய்கலன் ஊரில் 1969இல் திறக்கப்பட்ட ‘உலகக் கடை’யைத் தொடர்ந்து பல நாடுகளில் இத்தகைய கடைகள் பெருகின. அவற்றுள் பலவற்றில் விற்பனைப் பணியை மேற்கொண்டவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். கடல் கடவாமல் தம் ஊரிலேயே இருந்து பிறநாட்டுப் பெண்ணின் பொருளை விற்பதும் பன்னாட்டுத் தொண்டின் ஒரு வகையாயிற்று.

முன்பணத்தின் இடம்

கைவினைஞர் நூலும் சணலும் வாங்கக் கடன்படும்போது, பொருள் விற்குமுன்பே ஆதாயத்தின் ஒரு பகுதி வட்டியாகக் கழிந்துவிடுகின்றது. 1989இல் தோன்றிய உலக நியாய வணிக அமைப்பின் நெறிகள் இதனைக் கருத்தில் கொள்கின்றன. உற்பத்தியாளர் கேட்குமிடத்து, கைவினைப் பொருளின் விலையில் குறைந்தது 50 விழுக்காட்டை வட்டியின்றி முன்பணமாகத் தருதல் வேண்டும் என அவை வகுக்கின்றன. கபீர் குறிப்பிடும் செயலாற்றும் உரிமைக்கு இம்முன்பணம் ஓர் அடிப்படை. கடன்படாதவளே விலை பேச முடியும்.

எல்லைகள்

இவ்வமைப்பில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, எதைச் செய்வது என்பதைத் தொலைநாட்டு வாங்குவோரின் விருப்பமே தீர்மானிக்கின்றது. தரகரின் இடத்தில் நல்லெண்ணம் கொண்ட வணிகர் அமர்ந்தாலும், முடிவு பெண்களின் கைக்கு வருவதில்லை. இரண்டாவது, தன்னார்வலரின் ஊதியமற்ற உழைப்பு விற்பனையின் உண்மைச் செலவை மறைக்கின்றது. கடை வாடகையும் போட்டியும் உயரும்போது அத்தொண்டு மட்டும் கடையைத் தாங்காது. 2020 தொடக்கத்தில், ‘டென் தவுசண்ட் வில்லேஜஸ்’ அமைப்பின் கனடாப் பிரிவு, தன் தலைமை அலுவலகத்தையும் தான் நேரடியாக நடத்திய கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. இத்தகைய மூடலின் சுமை, அம்முடிவில் பங்கேற்காத உற்பத்தியாளர் வரை சென்று சேர்கின்றது.

முடிவுரை

ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டைப் பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாக அறிவித்துள்ளது. இச்சூழலில் தொண்டின் அளவை விட அதன் திசை குறித்த வினா முதன்மை பெறுகின்றது. பெண்களுக்கு எதைக் கற்பிக்கலாம் என்பதற்கு முன், அவர்கள் ஏற்கெனவே அறிந்த தொழிலுக்கு விலையை வகுப்பவர் யார், பணம் எப்போது கைக்கு வருகின்றது, வாங்குவோர் விலகினால் இழப்பைத் தாங்குபவர் யார் என்பனவற்றைத் தன்னார்வலர் கேட்டறிதல் வேண்டும். தன்னார்வலர் திரும்பிச் சென்ற பின்னரும் வாங்குவோருடன் பெண்களே நேரடியாக விலை பேசும் நிலை இருக்குமாயின், அத்தொண்டு நிறைவு பெற்றதாகக் கொள்ளலாம்.