முதுமையில் மண் அகழ்வோர்

இங்கிலாந்தின் வடபகுதியில், உரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய நெடுமதில் ஒன்று உண்டு. அதற்குத் தெற்கே, சிறிது தொலைவில், விண்டோலாண்டா என்னும் பழைய உரோமக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. ஆண்டுதோறும் இளவேனிலில் அங்கே அகழ்வாராய்ச்சி தொடங்கும். தோண்டுவோருள் பலர் கூலி பெறுவோர் அல்லர். தாமே கட்டணம் செலுத்தி இடம்பெற்ற தொண்டர்கள். அவர்களுள் இளைஞரும் உளர். அலுவலினின்று ஓய்வு பெற்ற முதியோரும் உளர்.

வேலை எளிதன்று. ஈர மண்ணில் மண்டியிட்டு, கொத்தனார் கையாளும் கரணை போன்ற சிறு கருவியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டுதல் வேண்டும். மழை பெய்யும், முதுகு நோகும். முதல் நாளே பொற்காசு கிட்டும் என்று எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். பெரும்பாலும் கிடைப்பவை உடைந்த மட்கலத் துண்டும் மாட்டெலும்புமே.

இத்துணைப் பொறுமை எதற்கு? அகழ்தல் என்பது ஒருவகையில் அழித்தலே ஆகும். மண் அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. எப்பொருள் எவ்வடுக்கில் கிடைத்தது என்பதைக் கொண்டே அதன் காலம் அறியப்படுகின்றது. ஒருமுறை கலைத்த அடுக்கை மீண்டும் அமைத்தல் எவராலும் இயலாது. ஆதலின், ஐயம் தோன்றிய அக்கணமே கையை நிறுத்தி ஆய்வாளரை அழைத்தல் வேண்டும். விரைந்து தோண்டும் வலிமையினும், நிறுத்தத் தெரிந்த கையே இங்குப் பெரிதும் வேண்டப்படுவது.

1973-ஆம் ஆண்டில், ராபின் பர்லி என்னும் ஆய்வாளர் அங்கே அகழ்ந்தபோது, மரச்சீவல் போன்ற மெல்லிய துண்டுகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியவாறு கிடைத்தன. குப்பை என்று எறிந்திருந்தால் அன்றே யாவும் முடிந்திருக்கும். பிரித்துப் பார்த்தபொழுது, உட்புறத்தே மைக்கோடுகள் தோன்றின! காற்றுப் பட்டதும் அவை மங்கின. பின்னர் அகச்சிவப்புக் கதிர்ப் புகைப்படமே அவ்வெழுத்தை மீட்டுத் தந்தது. ஈரம் நிறைந்து காற்றுப் புகாத மண்ணில் மரம் எளிதில் மட்குவதில்லை. அதனாலன்றோ 1,800 ஆண்டுகளுக்கு மேலாக அவை அழியாதிருந்தன!

இதுவரை கிடைத்துள்ள ஏடுகள் 1,700-க்கும் மேற்பட்டவை. போர்ச்செய்திகளைக் காட்டிலும் வீட்டுச்செய்திகளே அவற்றுள் சுவை மிக்கன. காலுறையும் உள்ளாடையும் அனுப்பப்பட்ட செய்தி ஒன்றில் உள்ளது. மற்றொன்றில், கிளாடியா செவெரா என்னும் மாது, தன் தோழி சுல்பீசியா லெப்பிடினாவைப் பிறந்தநாள் விழாவிற்கு அழைக்கின்றாள். மடலை வேறொருவர் எழுத, இறுதியில் அன்புமொழி சிலவற்றை அவளே தன் கையால் வரைந்துள்ளாள். பெண்ணொருத்தி கைப்பட எழுதிய இலத்தீன் எழுத்துகளுள் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையவற்றுள் அஃது ஒன்று.

மண்டியிட இயலாத முதியோர்க்கும் அங்கே பணி உண்டு. எடுத்த பொருள்களைக் கழுவி, உலர்த்தி, வகைப்படுத்துவோரும் தொண்டர்களே. கோட்டையின் பெரும்பகுதியோ இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றது.