துருவ வானின் வெள்ளி முகில்கள்

நள்ளிரவிலும் வெள்ளியென ஒளிரும் முகில்கள் உண்டெனின் நம்மிற் பலர் நம்பார். துருவத்தை அடுத்த நாடுகளிலே, கோடைகால இரவுகளில் அவை தோன்றுகின்றன. நிலம் இருளில் மூழ்கியபோதும், மிக உயரத்தில் நிற்பதால் அவற்றின்மீது கதிரவனின் ஒளி படுகிறது. 1885ஆம் ஆண்டிலேதான் அவை தெளிவுறக் குறிக்கப்பெற்றன. ஜேர்மனிய வானியலாளர் ஒட்டோ ஜெஸ்ஸே, புகைப்படங்களின் துணைகொண்டு அவற்றின் உயரம் ஏறக்குறைய 82 கிலோமீற்றர் எனக் கணித்தார்.

2007 ஏப்ரலில் அமெரிக்கா ஏவிய 'எயிம்' என்னும் செய்மதி, இம்முகில்களை ஆராய்வதையே தன் பணியாகக் கொண்டது. விந்தை யாதெனில், கோடையிலேதான் அவ்வுயரம் கடுங்குளிர் எய்துகிறது. மேலெழும் காற்று விரிந்து குளிர்வதே காரணம். எரிந்துபோன விண்கற்களின் நுண்துகள்கள்மீது நீராவி உறைந்து பனிப்பளிங்காகிறது.

அவ்வறண்ட வெளிக்கு நீராவி எவ்வாறு சென்றது? இவ்வினாவே என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. நெல்வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் பிறக்கும் மீதேன் வாயு, மேலேறிச் சிதைந்து நீராவியைத் தருகிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்பிருந்ததினும் இன்று அவ்வாயு இருமடங்குக்கு மேல். அம்முகில்கள் இன்று கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவதற்கு இதனையே முதன்மைக் காரணமாக ஆய்வாளர் சிலர் காட்டுகின்றனர்.

மின்கலம் பழுதுற்று 2023இல் 'எயிம்' தன் பணியை முடித்தது. மனிதன் தீண்டாத தூய வெளி வானம் என்று மாணவர்க்கு இனியும் நாம் கூறல் தகுமோ? நம் வயலின் வாயு விண்ணின் விளிம்பிலே பனியாகிறது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.