காளை வாங்கிய பழி
டாக்டர் கேசவ ரெட்டியின் நாவல்களும் வாசகர் கருத்துகளும்

சந்தையில் விற்பதற்காக ஓட்டிச் செல்லப்பட்ட காளை தனியே வீடு திரும்புகிறது. ஓட்டிச் சென்றவன் திரும்பவில்லை. அவனுக்கு நேர்ந்தது என்ன என்பதை அவனுடைய மனைவி உணர்ந்துகொள்கிறாள். கணவனின் உறவினனான ஓர் இளைஞனையும் அந்தக் காளையையும் துணையாகக் கொண்டு, கொன்றவர்களைத் தேடிப் புறப்படுகிறாள். பயணத்தின் முடிவில் பழி வாங்குவது காளை.

தெலுங்கு நாவலாசிரியர் டாக்டர் கேசவ ரெட்டியின் ‘முனெம்மா’ நாவலின் கதைச் சுருக்கம் இது. 2007-இல் மாத இதழில் வெளிவந்து, அடுத்த ஆண்டு நூலாக்கம் பெற்ற இச்சிறு நாவலைப் போலத் தெலுங்கு வாசகர்களை இரு கூறாக்கிய படைப்புகள் சிலவே. ஒரு காளை இவ்வாறெல்லாம் செய்யுமா என்ற வினாவில் தொடங்கிய விவாதம், பெண், நீதி, நாட்டார் நம்பிக்கை என்று விரிந்தது. நாவலின் நிலம் சித்தூர் வட்டாரம் என்பதால், குடுபல்லி, குப்பம் பகுதிகளில் வாழும் தமிழ் வாசகர்களுக்கும் அவ்விவாதம் அந்நியமானதன்று.

மருத்துவர் எழுதிய கிராமங்கள்

1946-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் தலுபுலபல்லியில் பிறந்த கேசவ ரெட்டி, புதுச்சேரியில் மருத்துவம் பயின்றவர். நிஜாமாபாத் மாவட்டத்தின் டிச்பள்ளியில் உள்ள தொழுநோய் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றினார். பிறந்த மண்ணிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில் வாழ்ந்தபோதும், அவருடைய கதைகளில் பெரும்பாலானவை சித்தூர் வட்டாரத்துக் கிராமங்களையே களமாகக் கொண்டன. தமிழின் சாயல் படிந்த அவ்வட்டாரத் தெலுங்கு பாத்திரங்களின் நாவில் இயல்பாகப் புழங்கியது. 2015-இல் அவர் மறைந்தார்.

அவருடைய நாவல்களை ஒரே வகைமைக்குள் அடக்குவது கடினம். ‘முனெம்மா’வையே எடுத்துக்கொண்டால், தடயங்களைப் பின்தொடரும் முறையில் அது துப்பறியும் கதை; கணவனை இழந்தவள் நியாயம் தேடிப் புறப்படுவதில் அது காப்பியத்தின் நிழல்; விலங்கு பழிவாங்குவதில் நாட்டார் கதை; சந்தை, தரகு, மாட்டின் விலை ஆகியவற்றைச் சொல்லும் இடங்களில் துல்லியமான சமூகச் சித்திரம். இந்நான்கும் ஒன்றையொன்று விலக்காமல் ஒரே ஓட்டத்தில் கலந்திருக்கின்றன.

‘அவன் காட்டை வென்றான்’ என்ற தலைப்பில் தமிழிலும் வெளிவந்துள்ள அவருடைய மற்றொரு நாவல், காணாமற்போன பன்றியைத் தேடிக் காட்டுக்குள் செல்லும் முதியவர் ஒருவரின் ஓரிரவுக் கதை. ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலோடு வாசகர்கள் அதனை ஒப்பிடுவது வழக்கம். அந்நாவலில் மாயம் என்று தனித்துச் சுட்டத்தக்கது அதிகமில்லை. ஆயினும் இருளும் காடும் முதியவரின் தனிமையும் சேர்ந்து, வாசிப்பவரை மெல்லமெல்ல ஒரு தொன்மக் கதைக்குள் கொண்டு சேர்த்துவிடுகின்றன.

மூன்று விதமான வாசகர்கள்

இத்தகைய படைப்புகளைப் பற்றிப் பேசுவோரை மூன்று தரப்பினராகக் காணலாம்.

முதல் தரப்பினர் நம்பகத்தன்மையைக் கேட்பவர்கள். மாட்டின் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கும் நுட்பத்தை இவ்வளவு உண்மையாக எழுதத் தெரிந்த கிராமங்களின் எழுத்தாளர், இறுதியில் தீர்ப்பைக் காளையிடம் ஒப்படைப்பது ஏன் என்பது அவர்களின் மனக்குறை. யதார்த்தத்தில் விடை கிட்டாத இடத்தில் மாயத்தைக் கொண்டுவருவது கதாசிரியருக்கு எளிய வழி என்பது அவர்கள் வாதம்.

இரண்டாம் தரப்பினர் பெண்ணின் நோக்கில் வினா எழுப்புபவர்கள். மனைவிக்கும் காளைக்கும் இடையிலான நெருக்கத்தைக் கண்டு கணவன் கொதித்தெழுந்து காளையை அடிப்பதே இந்நாவலில் எல்லாத் துயரங்களுக்கும் தொடக்கம். அந்த நெருக்கத்தை ஆசிரியர் சித்திரித்த விதம் பெண்ணைப் பற்றிய ஆணின் கற்பனையே என்றும், துணிச்சல் மிக்கவளாகக் காட்டப்படும் முனெம்மா, தன்னை நம்பாத கணவனுக்காகவே பழி தேடிச் செல்கிறாள் என்றும் கடுமையான விமர்சனம் எழுந்தது. மாயம், தொன்மம் என்ற பெயர்களால் இவ்வினாவை மூடிவிட இயலாது. நாவலை விரும்பிப் படிப்பவரும் விடை சொல்லக் கடமைப்பட்ட வினா இது.

மூன்றாம் தரப்பினர், இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள். கிராமத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த அவர்களுக்குக் காளையின் செயல் புதிதாகத் தோன்றுவதில்லை.

பெயர் புதிது, பொருள் பழையது

‘மாய யதார்த்தம்’ என்ற தொடர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1925-இல் ஜெர்மானியக் கலை விமர்சகர் பிரான்ஸ் ரோ, அக்கால ஓவியங்களைக் குறிக்க இதனைப் பயன்படுத்தினார். கியூப எழுத்தாளர் அலெகோ கார்பெந்தியர் 1949-இல், தம் நிலத்தின் வரலாறும் வாழ்க்கையுமே அற்புதம் நிறைந்தவை என்று வாதிட்டார். 1967-இல் வெளிவந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ அவ்வகை எழுத்தை உலகெங்கும் கொண்டு சென்றது.

தமிழில் அப்பெயர் பரவும் முன்பே அப்பொருள் இருந்தது. 1943-இல் புதுமைப்பித்தன், கடவுளைச் சென்னைத் தெருவில் இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி அருந்த வைத்தார். பின்னர் கோணங்கி, எஸ். ராமகிருஷ்ணன், பா. வெங்கடேசன் முதலியோர் தத்தம் வழிகளில் வரலாற்றையும் கனவையும் கலந்து எழுதினர். அவர்களுடைய நூல்களைப் பற்றியும், ‘புரியவில்லை’ என்ற முறையீடும் ‘மீண்டும் படியுங்கள்’ என்ற மறுமொழியும் இன்றளவும் தொடர்கின்றன.

எல்லை நிலத்தின் நீதிக் கதைகள்

ஆந்திரத்தின் தென்மேற்கு மூலையில், தமிழகமும் கர்நாடகமும் நெருங்கி நிற்கும் இடத்தில் உள்ளது குடுபல்லி. ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப் பாதை இவ்வூர் வழியே செல்கிறது. மூன்று மொழிகளும் காதில் விழும் வட்டாரம் இது. அண்டையில் உள்ள குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

சித்தூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் காணப்படும் நடுகற்களில் பல, மாடுகளைக் கவர்ந்தோரோடு போரிட்டு மாண்ட வீரர்களுக்காக நடப்பட்டவை. மாட்டுக்காக உயிர் கொடுத்தவனைக் கல்லில் நிறுத்தி வழிபட்ட மண்ணில், மனிதனுக்காகப் பழிவாங்கும் மாடு கதையில் தோன்றுவது வியப்பன்று. திருப்பதி கங்கம்மா திருவிழாவின் கதையும் இத்தகையதே. பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரனைத் தேடி அம்மன் நாள்தோறும் வேடம் மாறி அலைந்து, இறுதியில் அவனை வதைத்தாள் என்பது அவ்வட்டாரத்து நம்பிக்கை. இன்றும் பக்தர்கள் பல வேடங்கள் புனைந்து அத்தேடலை நிகழ்த்திக் காட்டுகின்றனர். தேடல், அடையாளம் காணல், தண்டனை என்ற அந்த வரிசையை ‘முனெம்மா’விலும் காணலாம்.

இக்கதைகள் பிறந்த சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். பாளையக்காரனே அதிகாரமாக இருந்தபோது அவன் மீது முறையிட ஓரிடம் இல்லை; ஆகவே அம்மன் வந்தாள். ஏழைப் பெண்ணொருத்தியின் வழக்கைக் கேட்க எவரும் இல்லாத உலகில் காளை வருகிறது. சட்டம் சென்று சேராத தொலைவை அற்புதம் அளந்து காட்டுகிறது. ஆதலின் ‘காளை இப்படிச் செய்யுமா?’ என்ற வினாவைவிட, ‘காளை இதைச் செய்ய நேர்ந்தது ஏன்?’ என்ற வினாவே வாசகரை நாவலின் உள்ளே அழைத்துச் செல்லும்.

கேசவ ரெட்டியின் ‘மூகவானி பில்லனக்ரோவி’ நாவலைப் படிக்கும்போது இது மேலும் தெளிவாகும். தலைப்பின் பொருள் ‘ஊமையனின் புல்லாங்குழல்’. நிலத்தை இழந்த ஒரு குடியானவனின் கதை அது. பட்டாவில் பெயர் மாறிவிடுகிறது. ஆனால் அவனுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு அதனோடு முடிவதில்லை. கடன், அடமானம், பத்திரப் பதிவு ஆகியவை எண்களால் ஆன நடைமுறைகள். அவற்றின் கீழே, எண்ணில் அடங்காத ஒன்றும் கைமாறுகிறது என்பதைச் சொல்ல அந்நாவலுக்கு மாயம் தேவைப்பட்டது. வயலை அடமானம் வைத்துப் பின்னர் மீட்ட குடும்பங்கள் இதனை விளக்கமின்றியே உணரும்.

கருத்து வேற்றுமையின் பயன்

மாயம் ஆறுதல் தரும். பரிகாரம் ஆகாது என்று முதல் தரப்பினர் சொல்வதில் உண்மை உண்டு. கதையில் கொலையாளி தண்டிக்கப்படுவதால் ஊரில் நீதி நிலைபெற்றுவிடுவதில்லை. அற்புதத்திலும் பெண்ணின் இடம் எது என்று கேட்கும் இரண்டாம் தரப்பினரின் வினா இன்னும் கூர்மையானது. இவ்விரண்டையும் கேட்ட பிறகும் நாவல் மனத்தில் நின்றால், அதுவே அதன் வலிமைக்குச் சான்று.

தமிழ் பேசியும் தெலுங்கு எழுத்து அறியாதோர், தெலுங்கு பேசியும் தமிழ் எழுத்து அறியாதோர் என இருசாராரும் வாழும் எல்லைப் பகுதி இது. ‘அவன் காட்டை வென்றான்’ தமிழில் இருப்பதால், ஒரே வீட்டில் மூத்தவர் ஒரு மொழியிலும் இளையவர் மற்றொரு மொழியிலும் அந்நூலைப் படிக்க இயலும். படித்தபின் அதன் முடிவைப் பற்றி இருவரும் மாறுபட்டால், விவாதத்தை அன்றே முடித்துவிட வேண்டாம்; முதியவர் காட்டில் கழித்த அந்த ஓரிரவைப் பல இரவுகள் பேசலாம்.